நம் பெயரில் உள்ள ‘ஹ’ விசைப்பலகையின் மூலைக்குப் போன கதை

 

நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

நம் பிள்ளைகள் சிலர் இப்போது வீட்டிலேயே கணினி விசைப்பலகை செய்கிறார்கள். ஆளிகளை ஒவ்வொன்றாக வாங்கி, பின்பக்கம் கம்பி ஓட்டி, பற்றாசு வைத்து, கடைசியில் ஒவ்வொரு விசைக்கும் என்ன வேலை என்று தாங்களே எழுதி ஏற்றுகிறார்கள். “கடையில் கிடைக்கிற சாமானுக்கு இவ்வளவு மினக்கெடுவதா, சேர்?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் எழுத்தைக் கருவிக்குள் அடக்கும் இந்த வேலைக்குப் பின்னால் நெடிய சரித்திரம் உண்டு. அதில் யாழ்ப்பாணத்தாரும் இருக்கிறார்கள், கண்டியாரும் இருக்கிறார்கள், நம்முடைய ஆலிம்களும் இருக்கிறார்கள்.

1. கருவிக்காக எழுத்து வளைந்த காலம்

மாத்தளை டவுனில் இருந்து தம்புள்ளை வீதியில் கொஞ்ச தூரம் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குமார் மனனமாக வைத்திருந்த திரிபிடகத்தை முதன்முதலில் ஓலையில் எழுதிய இடம் அதுதான். வாய்ச்சொல்லைக் கருவியில் இறக்கிவைக்கும் வேலை, நம் மாவட்டத்து மண்ணில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது.

ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். சிங்கள எழுத்து வட்டமாக இருப்பதற்கு அதையே காரணமாகச் சொல்வார்கள். தமிழிலும் ஓலையின் செல்வாக்கு உண்டு. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவே இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்டாமல் எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்து குறிலுக்கும் நெடிலுக்கும் வேறு வேறு வடிவம் வகுத்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கருவிக்கு வசதி இல்லாத எழுத்து, மொழியில் எவ்வளவு தேவையானதாக இருந்தாலும், எழுதும்போது விடுபட்டுப் போகும். இந்த விஷயம் இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

2. எழுத்துக்காகக் கருவியை வளைத்தவர்கள்

நம் மூத்தவர்கள் இதைத் தலைகீழாகவும் செய்து காட்டினார்கள். அதுதான் அறபுத் தமிழ்.

பேசுவது தமிழ், ஓதிப் பழகிய எழுத்து அறபு. ஆனால் அறபில் ப இல்லை, ட இல்லை, ண, ள, ழ, ங, ஞ எதுவுமே இல்லை. “இல்லாவிட்டால் போகட்டும், கிட்டத்தட்ட ஒரு எழுத்தைப் போட்டுச் சமாளிப்போம்” என்று அவர்கள் விட்டுவிடவில்லை. இருக்கிற அறபு எழுத்தை எடுத்தார்கள், மேலோ கீழோ ஒரு புள்ளியோ குறியோ கூட்டினார்கள், அதற்குப் புதிய ஒலியைக் கொடுத்தார்கள். அறபில் இருந்த ஓர் எழுத்தையும் அழிக்கவில்லை. தமிழில் இருந்த ஓர் ஒலியையும் கைவிடவில்லை.

கீழக்கரையில் வாழ்ந்து இலங்கை முஸ்லிம்களோடும் நெருங்கிய தொடர்பு வைத்திருந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 – 1898) போன்றவர்கள் பெரிய பெரிய மார்க்க நூல்களை அந்த எழுத்தில் எழுதினார்கள். பழைய வீடுகளில் அலுமாரிக்கு மேல் துணியில் சுற்றி வைத்திருக்கும் கிதாபுகளைப் பிரித்துப் பாருங்கள், விளங்கும்.

அதே காலத்தில் நமக்குப் பக்கத்தில், கண்டியில், அறிஞர் சித்தி லெப்பை (1838 – 1898) 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். தமிழ் அச்சில் நம் சமூகத்தின் பெயர்களும் சொற்களும் வாராவாரம் ஏறத் தொடங்கின. அச்சகத்தில் ஒரு வசதி இருந்தது. எழுத்துக் கோர்ப்பவரின் முன்னால் இருக்கும் பெட்டியில் எத்தனை அறை வேண்டுமானாலும் வைக்கலாம். ‘ஹ’வுக்கு ஓர் அறை, ‘ஷ’வுக்கு ஓர் அறை, ‘ஸ’வுக்கு ஓர் அறை. இடம் போதவில்லை என்ற பேச்சே இல்லை.

இடப் பிரச்சினை தட்டச்சு இயந்திரத்தோடு வந்தது.

3. சுண்டிக்குளி முத்தையாவின் கணக்கு

1870களில் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் தட்டச்சு இயந்திரத்தைச் சந்தைக்கு விட்டது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. பெரியது சிறியது என்று பார்த்தாலும் 52. தமிழுக்கு? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. மொத்தம் 247. இயந்திரத்தில் 46 விசை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், விசைக்கு இரண்டு வடிவம் வீதம் 92தான் வரும். கிரந்த எழுத்து, இலக்கம், நிறுத்தக் குறி எல்லாமே அந்த 92க்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கைத் தீர்த்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த இராமலிங்கம் முத்தையா. 1907இல் மலாயாப் பக்கம் தொழில் தேடிப் போனவர். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டே தமிழுக்கு ஒரு தட்டச்சு இயந்திரம் என்ற எண்ணத்தை விடாமல் பிடித்தார். முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஜேர்மனியின் சைடல் அண்ட் நௌமான் தொழிற்சாலை அவருடைய அமைப்பில் இயந்திரங்களைச் செய்து கொடுத்தது.

அவருடைய கெட்டித்தனம் எதில் இருந்தது? 247 எழுத்தையும் அவர் எழுத்தாகப் பார்க்கவில்லை, துண்டுகளாகப் பார்த்தார். ‘கா’ என்பது க, பக்கத்தில் ஓர் அரவு. ‘கெ’ என்பது ஒரு கொம்பு, பிறகு க. ஆனால் ‘க்’ என்பதில் புள்ளி க-வின் தலைக்கு மேல் உட்கார வேண்டும், ‘கி’யில் விசிறி க-வோடு ஒட்ட வேண்டும். சாதாரண விசையை அடித்தால் இயந்திரத்தின் வண்டி ஓர் இடம் நகர்ந்துவிடும், புள்ளி தனியாகப் போய் விழும். அதற்காக ‘நகரா விசை’ என்ற ஒன்றை வைத்தார். அந்த விசையை அடித்தால் குறி பதியும், வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லா விசையும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும் என்ற சட்டத்தை அந்த மனிதர் உடைத்தார். “நீ பதி, ஆனால் நகராதே” என்று சில விசைகளுக்கு மட்டும் வேறு கட்டளை கொடுத்தார். இன்று நம் பிள்ளைகள் ‘விசைக்கு வேலை எழுதுவது’ என்று சொல்வதும் இதேதான். அவர் இரும்பில் எழுதினார், இவர்கள் மென்பொருளில் எழுதுகிறார்கள்.

4. ரெங்கநாதன், பாமினி: ‘ஹ’ ஓரத்துக்குப் போன இடம்

இலங்கையில் தமிழ்த் தட்டச்சுப் படித்தவர்கள் கைக்குப் பழகியது ரெங்கநாதன் விசைப்பலகை. கணினி வந்த பிறகு கந்தோர்களிலும் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் பரவிய பாமினி எழுத்துருவும் கிட்டத்தட்ட அதே இட அமைப்புத்தான். பிறகு 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரத்திலும் ரெங்கநாதன் அமைப்பே தமிழுக்குரியதாக ஏற்கப்பட்டது. சிங்களத்துக்கு விஜேசேகர அமைப்பு எப்படியோ, தமிழுக்கு அப்படி.

பாமினியில் க, ப, த, ம எல்லாம் விரல் ஓய்வாக இருக்கும் நடு வரிசையில் இருக்கின்றன. அதிகம் வரும் எழுத்துக்கு நல்ல இடம். சரியான முடிவு. நம்முடைய பெயர்களில் வரும் எழுத்துகள் எங்கே? ஜ, ஸ, ஷ மூன்றும் வலது பக்கக் கடைசியில், ஆங்கிலத்தில் சதுர அடைப்பும் சாய்கோடும் இருக்கும் விசைகளில். ‘ஹ’ இடது மேல் மூலையில், இலக்கம் ஒன்றுக்கும் அந்தப் பக்கம், ஆங்கிலத்தில் யாருமே தொடாத விசையில்.

இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. தமிழ் முழுவதையும் எடுத்து எண்ணினால் ‘ஹ’ குறைவாகத்தான் வரும். ஆனால் அந்த எண்ணிக்கையை நம் பள்ளிவாசல் சந்தாப் புத்தகத்தில் எடுத்துப் பாருங்கள். முஹம்மத், ஹஸன், ஸஹ்ரா, ஆயிஷா, ஷாஜஹான், ஃபாத்திமா. ஒரு வகுப்பு இடாப்பில் இந்த எழுத்துகள் இல்லாத பக்கம் கிடையாது.

விளைவு நமக்குத் தெரிந்ததுதான். அவசரத்தில் தட்டச்சு செய்பவர் மூலைக்கு விரலை நீட்டாமல் ‘ஹ’வுக்குப் பதில் ‘க’ போடுவார், அல்லது ‘அ’ போடுவார். ‘ஸ’ ‘ச’வாகும். ‘ஃ’ காணாமல் போகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாடசாலை இடாப்பில் ஒரு மாதிரி, பரீட்சை அனுமதி அட்டையில் வேறு மாதிரி. என்னிடம் படித்த பிள்ளை ஒன்றின் பெயரில் ஒரு ‘ஹ’ விடுபட்டதால், அந்த வாப்பா ஒருநாள் சம்பளத்தை விட்டு, சத்தியக் கடதாசி முடித்து, ஒரு கந்தோர் வாசலில் மூன்று முறை நின்றார். எல்லாத் தவறும் விசைப்பலகையால் வருவது இல்லை. ஒரே பெயரை நாமே மூன்று விதமாக எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஆனாலும் மூலையில் இருக்கும் எழுத்துத்தான் முதலில் தவறும். ஓலையில் புள்ளிக்கு நடந்ததே இங்கே ‘ஹ’வுக்கும் நடந்தது.

5. எண் கொடுத்தார்கள், விதி எழுதினார்கள்

1991இல் யுனிகோட் முதல் பதிப்பு வந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 எண்கள் ஒதுக்கப்பட்டன. அ என்றால் 2949. க என்றால் 2965. நம் எழுத்துகளைத் தேடிப் பாருங்கள்: ஃ 2947, ஜ 2972, ஷ 2999, ஸ 3000, ஹ 3001. அச்சகப் பெட்டியில் போல மறுபடியும் ஒவ்வோர் எழுத்துக்கும் சொந்த அறை. கணினியைப் பொறுத்தவரை ‘ஹ’ எந்த எழுத்துக்கும் குறைந்தது அல்ல. குறை மிஞ்சியது விரலுக்கும் அந்த எண்ணுக்கும் இடையில் உள்ள வழியில் மட்டும்.

அந்த வழியைச் செப்பனிட்டவர்கள் பலர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். அவருடைய செல்லினம் 2005இல் கைத்தொலைபேசியில் தமிழைக் கொண்டுவந்தது. 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழ்99 அமைப்பு முடிவானது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய்.

தமிழ்99இல் இடத்தைவிட விதிதான் முக்கியம். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் ‘அம்மா’ வரும். ந-வுக்குப் பிறகு த தட்டினால் ‘ந்த’. முத்தையாவின் நகரா விசை இங்கே மென்பொருள் விதியாகிவிட்டது. ‘முஹம்மத்’துக்கு ம, உ, ஹ, ம, ம, த, புள்ளி. நடுவில் இருக்கும் இரட்டிப்பைப் பற்றி நாம் கவலைப்படத் தேவை இல்லை. ஆனால் இதிலும் ஜ, ஸ, ஷ, ஹ மேல் வரிசையில், ஷிஃப்ட் பிடித்தால்தான்.

இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. அவுஸ்திரேலியாவின் மார்க் டர்டின் 1993இல் லாவோ மொழிக்காக ‘கீமேன்’ என்ற மென்பொருளை எழுதினார். எந்த மொழிக்காரரும் ‘இந்த விசையைத் தட்டினால் இந்த எழுத்து’ என்று தாங்களே விதி எழுதலாம். நம்மில் பலர் இணையத்தில் முதன்முதலில் தமிழ் எழுதிய எ-கலப்பை அந்தக் கீமேனின் மேல் கட்டப்பட்டது. முகுந்தும் தமிழா குழுவும் அதை இலவசமாகக் கொடுத்தார்கள். விசைக்கு வேலை கொடுக்கும் அதிகாரம் தொழிற்சாலையில் இருந்து சாதாரண ஆளின் மேசைக்கு வந்தது அப்போதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் மிஞ்சியது. அந்த மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். கந்தோர்க் கணினியிலோ பாடசாலை ஆய்வுகூடத்திலோ எல்லாரையும் நிறுவ விடமாட்டார்கள். வீட்டில் எழுதிய விதி வீட்டோடு நின்றுவிடும்.

6. பிள்ளைகள் செய்கிற விசைப்பலகைக்குள் என்ன இருக்கிறது?

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம்.

விசைப்பலகை எழுத்தை அனுப்புவது இல்லை. இதுதான் அடிப்படை. விசையின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும், யூ.எஸ்.பி. கம்பி வழியாகப் போவது ஓர் எண் மட்டுமே. ஆங்கில ‘ஜே’ இருக்கும் விசையை அழுத்தினால் 13 என்று போகும். அந்த 13ஐக் கணினி எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது நாம் தெரிவு செய்த அமைப்பைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் ‘ஜே’, பாமினியில் ‘த’, தமிழ்99இல் ‘ப’. அதாவது விசை என்பது ஓர் இடம், அவ்வளவுதான். அதில் எந்த எழுத்தை வைப்பது என்று முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். மனிதர் எடுத்த முடிவை மனிதர் மாற்றலாம்.

வீட்டில் செய்யும் பலகையில் 60 விசை என்று வைத்துக்கொள்வோம். விசைக்கு ஒரு கம்பி வீதம் இழுத்தால் 60 கம்பி. அப்படிச் செய்வது இல்லை. பரீட்சை மண்டபத்தில் கதிரை போடுவது போல 5 வரிசை, 12 நிரல் என்று போடுவார்கள். 5ஐயும் 12ஐயும் கூட்டினால் 17 கம்பி போதும். நடுவில் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி (ஆர்டுயினோ புரோ மைக்ரோ, அல்லது 2021இல் நான்கு டொலருக்கு வந்த ராஸ்பெரி பை பிக்கோ) ஒவ்வொரு வரிசையாக மின் கொடுத்து, எந்த நிரலில் பதில் வருகிறது என்று பார்க்கும். இதைச் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்யும். மூன்றாம் வரிசை, ஏழாம் நிரல் என்று தெரிந்ததும் அதற்குரிய எண்ணை அட்டவணையில் பார்த்து அனுப்பும்.

ஒவ்வோர் ஆளியோடும் ஓர் இருவாயியும் வைப்பார்கள். அது ஒருவழிப் பாதை. அது இல்லாவிட்டால், ஒரு சதுரத்தின் மூன்று மூலை விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தும்போது, மின் சுற்றி வந்து, யாருமே தொடாத நான்காவது விசையும் அழுந்தியதாகக் காட்டும். சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் பரீட்சைக்காக மட்டும் பாடமாக்கிய இருவாயி, இங்கே கண் முன்னால் வேலை செய்கிறது.

அந்த அட்டவணையை எழுதுவதுதான் முக்கிய வேலை. கியூ.எம்.கே. என்ற திறந்த மூல மென்பொருள் அதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு விசைக்கு ஒரு வேலைதான் என்ற கட்டாயம் இல்லை.

▪ அடுக்கு: ஒரு விசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை மற்ற எல்லா விசைக்கும் வேறு அட்டவணை நடைமுறைக்கு வரும். கையை எடுத்தால் பழையபடி. மாடி வீடு மாதிரி: அதே அளவு காணி, மேலே இன்னொரு தளம்.

▪ தட்டு, பிடி: ஒரே விசையைச் சட்டென்று தட்டினால் ஒரு வேலை, பிடித்துக்கொண்டால் வேறு வேலை. இரண்டையும் பிரிக்கும் நேரம் சாதாரணமாக 200 மில்லிசெக்கன். விரலின் வேகத்துக்கு ஏற்ப நாமே கூட்டலாம், குறைக்கலாம்.

▪ சேர்க்கை: பக்கத்துப் பக்கத்து விசைகள் இரண்டை ஒன்றாக அழுத்தினால் மூன்றாவது ஒன்று வரும்.

▪ தொடர்: ஒரு விசையைத் தட்டினால் ஒரு முழுச் சொற்றொடரும் வரிசையாகத் தட்டப்படும். நபி (ஸல்) அவர்களின் பெயருக்குப் பின் வரும் ஸலவாத்தை ஒவ்வொரு தடவையும் சுருக்காமல் முழுமையாக எழுத விரும்புபவருக்கு ஒரே விசை போதும்.

இனி நம் ‘ஹ’வை எடுப்போம். பாமினியிலோ ரெங்கநாதனிலோ பழகிய ஒருவருக்குப் புதிதாக எதுவும் படிப்பிக்கத் தேவை இல்லை. கட்டைவிரலுக்கு அடியில் ஒரு விசையை அடுக்கு விசையாக வைக்கலாம். அதைப் பிடித்தால் நடு வரிசையில், விரல் ஓய்வாக இருக்கும் இடங்களில், பாமினிப்படி 53 (ஹ), 49 (ஷ), 48 (ஸ), 47 (ஜ) என்ற எண்கள் போகும்படி எழுதலாம். மூலையில் இருந்த நான்கு விசைகளும் கைக்குக் கீழே வந்துவிடும். பழைய இடமும் போகாது. கணினி தன் வழக்கமான எண்ணைத்தான் பெறுகிறது என்பதால் அங்கே எதையும் நிறுவ வேண்டியது இல்லை. பலகையின் நினைவு பலகைக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில், பாடசாலையில், கந்தோரில், எதில் செருகினாலும் அதே வேலை.

நேரடியாக 3001 என்ற யுனிகோட் எண்ணையே அனுப்பும் முறையும் உண்டு. ஆனால் அது விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி நடக்கும், சிலதில் துணை மென்பொருளும் வேண்டும். ஆகவே தொடங்குபவர்களுக்கு முதல் முறையே நல்லது. கடவுச்சொல்லை மட்டும் எந்த விசையிலும் எழுதி வைக்க வேண்டாம். பலகை யார் கையில் கிடைக்கிறதோ அவர் கையில் கடவுச்சொல்லும் கிடைக்கும்.

7. அப்படியானால் எல்லாரும் விசைப்பலகை செய்ய வேண்டுமா?

இல்லை. கடையில் வாங்குவது போதும் என்பவர் வாங்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

ஓலைக்காரர் புள்ளியை விட்டார். அறபுத் தமிழ்க்காரர் புள்ளியைக் கூட்டினார். இரண்டு பேருக்கும் முன்னால் இருந்தது ஒரே மாதிரிப் பிரச்சினை: கருவியில் இடம் இல்லாத ஓர் ஒலி. ஒருவர் ஒலியை விட்டுக்கொடுத்தார், மற்றவர் கருவியைத் திருத்தினார். நம் பிள்ளை ஒன்று மேசையில் உட்கார்ந்து “எந்த எழுத்து எங்கே இருக்க வேண்டும்?” என்று தாளில் கட்டம் போட்டுப் பார்க்கும்போது, அது விளையாட்டுச் சாமான் செய்யவில்லை. எழுத்துகளை எண்ணிப் பார்க்கிறது, எது அதிகம் வருகிறது என்று கணக்கெடுக்கிறது, முத்தையா சிங்கப்பூரில் உட்கார்ந்து செய்த வேலையைச் செய்கிறது. மின்னோட்டம், நிரை நிரல், நிரலாக்கம், தமிழ் இலக்கணம் நான்கும் ஒரே மேசையில் படிக்கிறது. இதை மினக்கேடு என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை.

கூடவே ஊருக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, நம் பெயர்களை நாமே ஒழுங்காக எழுதுவோம். பிள்ளை பிறந்ததும் தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் தெளிவாக எழுதி, பதிவுக்குப் போகும்போது கையோடு கொண்டு போங்கள். தட்டச்சு செய்து தரும் பிரதியில் ஹ, ஸ, ஷ, ஜ, ஃ என்ற ஐந்தையும் விரல் வைத்துப் பாருங்கள். ஒப்பம் வைப்பதற்கு முன் இரண்டு நிமிஷம். பிறகு என்றால் இரண்டு வருஷம்.

இரண்டு, பாமினியில் இருக்கும் பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். ‘இஸ்லாம்’ ஒரு காற்புள்ளியில் தொடங்கும். ஏனென்றால் பாமினி கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள், அதன் மேல் தமிழ்ப் படத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். எழுத்துரு போனால் போர்வை போய்விடும். அதில் எதையும் தேடியும் எடுக்க முடியாது. பள்ளிவாசல் கூட்டறிக்கைகள், ஜனாஸா, நிக்காஹ் பதிவுகளின் பிரதிகள், பாடசாலை மலர்கள், இருபது வருஷத்து வினாத்தாள்கள், ஊர் வரலாற்றுக் கட்டுரைகள் என்று எத்தனையோ பேரின் பழைய வட்டுகளில் இப்படிக் கிடக்கின்றன. அலுவிகாரையில் காத்துவந்த ஏடுகள் 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தன. அதற்குப் போர் தேவைப்பட்டது. நம்முடையது அழிய ஒரு பழைய கணினியைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்தால் போதும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு பெயர்களையும் இலக்கங்களையும் ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள்.

மூன்று, பழைய ரெமிங்டனோ வேறு தமிழ்த் தட்டச்சு இயந்திரமோ, அறபுத் தமிழ்க் கிதாபோ வீட்டில் இருந்தால் வீசிவிடாதீர்கள். விற்பதற்கு முன் ஒருநாள் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். நகரா விசையை ஒரு பிள்ளை தன் விரலால் தட்டிப் பார்த்தால் நான் எழுதிய இவ்வளவும் ஒரு நிமிஷத்தில் விளங்கும்.

விசைப்பலகை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வகுப்பு இடாப்பை எடுங்கள். எல்லாப் பெயரிலும் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். முஸ்லிம் பெயர், தமிழ்ப் பெயர், தமிழில் எழுதிய சிங்களப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். பிறகு உங்கள் அடுக்கில் எந்த எழுத்தை எந்த விரலுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். கணக்கைக் கொமென்டில் போடுங்கள். பாமினியில் கைப்பழக்கம் உள்ள மூத்த தட்டச்சாளர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வந்து “இந்த விரலுக்கு இது பாரம், அதை இங்கே மாற்று” என்று சொல்லித் தந்தால் இன்னும் நல்லது. அவர்களுடைய முப்பது வருஷ விரல் அனுபவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையில் கணக்கு வந்து சேர்ந்ததும் அதையும் ஒரு பதிவாக இடுகிறேன். பிரயோசனம் என்று நினைத்தால் ஊர்க் குழுமங்களில் பகிருங்கள். வஸ்ஸலாம்.